சிலோன் போனவர்களுக்கு இரண்டு வழியனுப்பு

மாணவர்களை வெளிநாட்டுத் தொண்டுப் பயணத்துக்கு அனுப்பும் பணியை இனி ஒரு பயண நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்று, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. செய்தியைச் சொல்ல காரக்கோணத்தில் என் வீட்டுக்கு வந்த இரண்டு இளைய அலுவலர்களும் நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு வருத்தம் இல்லை. விசா, டிக்கெட், காப்பீடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இருக்கும்போது எதற்காக ஒருவர் அலைய வேண்டும்?

நிறுவனம் கொடுத்த திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். நேபாளத்தில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள். நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். முதல் நாள் என்ற தலைப்பின்கீழ் "விமான நிலையத்தில் அனைவரும் கூடுதல்" என்று இருந்தது.

"வீட்டிலிருந்து விமான நிலையம் வரைக்கும்?" என்று கேட்டேன்.

"அது அவங்கவங்க பாடு, சார்," என்றார் வந்த இருவரில் ஒருவரான பெண் அலுவலர்.

எங்கள் முதல் பயணம் அந்த "அவங்கவங்க பாடு" என்கிற இடத்தில்தான் ஏறக்குறைய நின்றுபோனது. அதைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுதித் தந்தால் வாசிப்போம் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் முதலில் பத்திரிகைக்காரன். நாகர்கோவிலில் ஒரு சிறிய நாளிதழில் சில காலம் நிருபர். கூட்டத்துக்குப் போனால் மேடையைப் பார்க்காதே, வாசலைப் பார், யார் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று பார் என்பதுதான் அங்கே எனக்குக் கிடைத்த பயிற்சி. பத்திரிகை நின்றுபோனது. பாறசாலையில் மிஷன் சபையின் இளைஞர் தொண்டுக் குழுவுக்கு எழுதவும் அலையவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் வந்து சேர்ந்தேன். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன்.

குழுவின் செயலாளர் ஞானம்மாள் டீச்சர். பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. உயரமானவர், கறுப்புக் குடை இல்லாமல் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அவரிடம் எந்தத் தகவலைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும்.

"கண்டதா, கேட்டதா?"

கண்டது என்றால் தலையசைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். கேட்டது என்றால் குடையை எடுப்பார். கப்பல் பயணத்துக்கு வேண்டிய காலரா ஊசியை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலேயே போடுகிறார்கள் என்று நான் ஒருநாள் சொன்னேன். கேட்டது. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். ஊசி போடும் அறை இருந்தது, கம்பவுண்டர் இருந்தார், மருந்து இல்லை. காட்டாக்கடையில் இருப்பதாக அவர் சொன்னார். "இதுவும் கேட்டதாக்கும்," என்று சொல்லி டீச்சர் அங்கேயும் அழைத்துப் போனார். மருந்து இருந்தது. திரும்பும் வழியில் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எழுதிவைக்க மட்டும் சொன்னார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு மாநிலம் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் இறந்திருந்தார்கள். நெய்யாற்றின்கரை தாலுகா எந்தப் பக்கம் போகும் என்பது டீக்கடை தோறும் பேச்சு. எங்கள் ஊர்களில் எவரும் இரண்டு மொழியும் பேசுவார்கள். வீட்டில் தமிழ், சர்க்கார் கச்சேரியில் மலையாளம், சண்டையில் இரண்டும். ஆனால் அந்த வருஷங்களில் யார் எதில் முதலில் வாய்திறக்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர் கவனிக்கத் தொடங்கியிருந்தார்.

சபையிலும் அப்படித்தான். ஒரே கோயில், ஒரே மணி. காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் மலையாள ஆராதனை. முன்பெல்லாம் இவர்கள் இறங்கும்போது அவர்கள் ஏறுவார்கள், படியில் நின்று பேசிக்கொள்வார்கள். இப்போது ஒரு கூட்டம் மேற்கு வாசல் வழியாகவும் மற்றது தெற்கு வாசல் வழியாகவும் போய் வந்தது. யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. நான் வாசலைப் பார்த்துப் பழகியவன், அதனால் கண்ணில் பட்டது.

இந்த நேரத்தில்தான் சிலோன் மலைநாட்டிலிருந்து ஒரு போதகர் எழுதினார். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மழையில் இடிந்துவிட்டது, கல்லும் மரமும் தோட்டத்தார் தருவார்கள், கோடை விடுமுறையில் சில மாணவர்கள் வந்து கைகொடுத்தால் சுவரை எழுப்பிவிடலாம் என்று கேட்டிருந்தார். அரிசி அங்கே ரேஷன், விருந்தாளிக்குக் கிடைப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து அரிசியை வெளியே கொண்டுபோகவும் அனுமதி இல்லை. டீச்சர் யோசித்து, காயவைத்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, சாக்கில் கட்டச் சொன்னார். உலகத்தில் எந்தச் சுங்க அதிகாரியும் அதைத் திருட்டுச் சரக்கு என்று நினைக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. அது சரியாகவே இருந்தது.

எட்டு மாணவர்கள் போவது. தமிழ்ச் சபையிலிருந்து நான்கு பேர், மலையாளச் சபையிலிருந்து நான்கு பேர். கூடப் போக நான். தேர்வுக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் டீச்சர் ஒரே கேள்வி கேட்டார், "எதுக்குப் போணும்?" என்று. ஏழைகளுக்குச் சேவை செய்ய என்றார்கள். தேவனுடைய சித்தம் என்றார்கள். ஒருவன் உலக சமாதானம் என்றான். கடைசியாக வந்தவன் அமரவிளைக்காரன் ராஜமணி. கல்லூரியில் முதல் வருஷம்.

"எதுக்குப் போணும்?"

"எனக்க அப்பாவப் பாக்க, டீச்சர்."

குழுவில் இருந்த மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுடைய அப்பா சிலோனில் ஒரு தோட்டத்துக் கடையில் கணக்கு எழுதுகிறவர். ராஜமணிக்கு ஐந்து வயது நடக்கும்போது போனவர், பிறகு வரவில்லை. முதலில் யுத்தம். யுத்தம் முடிந்ததும் அங்கே புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. மனுப் போட்டவர்கள் நாட்டை விட்டு வெளியே போனால் மனு கெட்டுவிடும் என்று பயந்து அங்கேயே இருந்தார்கள். ராஜமணியின் அப்பாவும் அப்படி மனுப் போட்டுக் காத்திருந்தவர். கடிதம் வரும். ஆள் வருவதில்லை. ராஜமணியின் அம்மாவும் அவனும் தாய்மாமன் நேசையன் வீட்டில்தான் இருந்தார்கள்.

"அப்பனுக்க மொகம் ஓர்ம உண்டா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல. மீசை உண்டுன்னு அம்மா சொல்லும்."

"சுவரு கெட்டுவியா?"

"கெட்டுவேன். ஒரு நாள் மட்டும் லீவு தரணும்."

அவன் வெளியே போனதும் குழுவில் ஒரு மூத்தவர், இது சேவையல்ல, சொந்தக் காரியம் என்று ஆட்சேபித்தார். இன்னொரு காரணமும் சொன்னார். அங்கே உறவினர் இருப்பதாகத் தெரிந்தால், போனவன் திரும்பமாட்டான் என்று விசா மறுப்பார்கள், அவனால் மற்றவர்களுக்கும் கெட்டுப்போகும். அது நியாயமான பயம். அனுமதியில்லாமல் தோணியேறி வருகிறவர்களைப் பிடிப்பதில் சிலோன் போலீஸ் அப்போது மும்முரமாக இருந்தது.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "மத்தவங்க சொன்னதெல்லாம் யாரோ சொல்லிக்குடுத்துக் கேட்டது. இவன் சொன்னது மட்டும் அப்பிடியில்ல," என்றார். விசா மனுவில் உறவினர் உண்டா என்ற இடத்தில் "அப்பா" என்றே எழுத வைத்தார். அவன் திரும்பி வருவதற்குத் தாமே பொறுப்பு என்று தனியாக எழுதிக் கையெழுத்திட்டார். சென்னையிலிருந்த சிலோன் அலுவலகத்திலிருந்து பதில் வர வெகுநாள் ஆயிற்று. வந்தபோது எட்டுப் பேருக்கும் அனுமதி இருந்தது. ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட தேதிக்குள் தலைமன்னாரில் இறங்கிவிட வேண்டும், தவறினால் அனுமதி செல்லாது.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு தலைமைக் காவலர் பள்ளிக்கு வந்தார். மலையாளம் பேசுகிறவர், எங்களுக்குத் தெரிந்த மனிதர்தான். பெயர்களை வரிசையாக வாசித்து ஒவ்வொருவரையும் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தவர் ராஜமணியில் நிறுத்தினார். நேசையன் போராட்டத்தில் முன்னால் நின்றவர். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அவர்மேல் வாரண்டு இருந்தது. மாதக்கணக்கில் தலைமறைவு.

"மாமன் எவிடெ உண்டு, டீச்சர்?"

"அது நீங்களாக்கும் கண்டுபிடிக்கணும். சம்பளம் உங்களுக்குத்தானே தாறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "பையன் போராட்டத்தில் உண்டோ?"

"மாமன் உண்டு. இவன் இல்ல. ரெண்டையும் எழுதிக்கோங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எழுதாதீங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் வந்தது.

இதற்குப் பிறகு நான் போட்ட பயணத் திட்டம் டீச்சருக்கே திருப்தியாக இருந்தது. பாறசாலையில் காலை பஸ். நாகர்கோவில், அங்கிருந்து திருநெல்வேலி, ராத்திரி ரயில், மண்டபத்தில் மருத்துவப் பரிசோதனை, தனுஷ்கோடியில் கப்பல். பஸ் தவறினால் ரயில் தவறும், ரயில் தவறினால் அனுமதித் தேதி தவறும். ஒவ்வொரு இணைப்பையும் நேரில் போய் விசாரித்திருந்தோம். மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்து நேராகப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டியது. அந்த ஒரு பகுதியை மட்டும் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

எங்கள் பக்கத்து மிஷன் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கடந்து போகிறவரைத் தனியாகப் போகவிட மாட்டார்கள். நர்ஸ் வேலைக்குப் போனாலும் சரி, வேதாகமப் பள்ளிக்குப் போனாலும் சரி, கோயிலில் ஜெபம் செய்து, பேனர் பிடித்து, பேண்டு செட் முழங்க வண்டிவரை கொண்டுவிடுவார்கள். இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மழைக்குக் குடை பிடிக்க அனுமதி கேட்போமா? அதுபோல. ஊர்வலங்களுக்குத் தடை உத்தரவு அமலில் இருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது ஊர்வலங்களுக்கு. வழியனுப்புவது ஊர்வலம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை நானும் டீச்சரும் மரச்சீனிச் சாக்குகளோடு முதலில் வந்து நின்றோம். மாணவர்கள் ஒருவரும் வரவில்லை. சற்று நேரத்தில் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கிளாரினெட் சத்தம் கேட்டது. கீர்த்தனைதான், ஆனால் தாளமே இல்லை. கொஞ்சம் பொறுத்து நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து கொட்டுச் சத்தம் வந்தது. அதில் தாளம் மட்டும் இருந்தது, பாட்டு இல்லை.

டீச்சர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "இது என்னதுடே?"

தெற்கேயிருந்து வந்தது தமிழ்ச் சபை. முன்னால் தமிழில் எழுதிய பேனர், அதற்குப் பின்னால் மாலை போட்ட நான்கு மாணவர்கள், அதற்குப் பின்னால் ஆண்கள், பெண்கள், குழந்தைகள். வடக்கேயிருந்து வந்தது மலையாளச் சபை. முன்னால் மலையாள பேனர், மாலை போட்ட நான்கு மாணவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள். இவர்கள் வருவது அவர்களுக்குத் தெரியாது. அந்த வருஷம் இரண்டு சபையும் பேசிக்கொள்ளாததால் வந்த வினை. ஒவ்வொருவரும் தங்கள் ஆராதனை முடிந்தபின் தங்களுக்குள் பேசி, கோயிலில் கூடாமல் தங்கள் பக்கத்து ஒரு வீட்டில் கூடிப் புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதை வேறு இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். தடை உத்தரவு உள்ள ஊர். தமிழ் பேனரோடு ஒரு கூட்டம் ஒரு பக்கம், மலையாள பேனரோடு இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம், இரண்டும் சாலையின் ஒரே இடத்தை நோக்கி வேகமாக வருகின்றன. போலீஸ் வேன் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எனக்கு இன்றுவரை தெரியாதது, அது அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது என்பதுதான். வேறு எதையோ எதிர்பார்த்துப் பக்கத்திலேயே நின்றிருந்தார்களா என்று தோன்றும். விசாரித்தும் பதில் கிடைக்கவில்லை.

இறங்கியவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர். தடியோடு காவலர்கள் சாலைக்குக் குறுக்கே நின்றார்கள். இரண்டு கூட்டமும் நின்றன. அந்நேரம் பார்த்துத்தான் எங்கள் பஸ்ஸும் வந்து சேர்ந்தது. அதுவும் போக முடியாமல் நின்றது.

டீச்சர் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். மலையாளத்தில் பேசினார். இவர்கள் எட்டுப் பேரும் ஒரே குழு, சிலோனில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள், இது வழியனுப்பு என்றார். இரண்டு கோஷ்டி மோதப் போவதாகத் தமக்குத் தகவல் என்றார் இன்ஸ்பெக்டர்.

"கண்டதோ, கேட்டதோ?" என்றார் டீச்சர்.

அந்தக் கேள்வி இன்ஸ்பெக்டருக்குப் பழக்கமில்லை. தெற்குக் கூட்டத்தின் கிளாரினெட்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். எந்தக் கட்சி என்று கேட்டார்.

"பேண்டு கட்சி, சாறே."

"கொட்டு எவிடெ? கொட்டில்லாத்த பேண்டோ?"

கிளாரினெட்காரர் தயங்கி, எதிர்க்கூட்டத்தைக் காட்டினார். "அஞ்ச நிக்கியது எனக்க அண்ணனாக்கும். கொட்டு அவன்கிட்ட. ரெண்டு கூட்டரும் ஒரே நாளு கேட்டாங்க, சாறே. ரெண்டு பேரும் வேண்டப்பட்டவங்க. இல்லைன்னு எப்பிடிச் சொல்லுதது? செட்ட ரெண்டாப் பிரிச்சோம்."

எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் சத்தமாகச் சொன்னார்: "தாளத்த விட்டு அவன் எப்பவும் ஓடுவான், சாறே. இன்னைக்கு ஒரு மைல் ஓடியிருக்கான்."

முதலில் சிரித்தது காவலர்களில் ஒருவர். பிறகு இரண்டு கூட்டத்திலும் சிரிப்பு பரவியது. நான் கவனித்தது இது: சிரித்தபோதுதான் அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனாலும் தடிகள் கீழே இறங்கின. பேனர்களைச் சுருட்டச் சொன்னார். மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றச் சொன்னார். டீச்சர் கொடுத்த தாளிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஏழு பேர் ஏறினார்கள்.

எட்டாவது பெயரைப் பாஸ்போர்ட் விசாரணைக் குறிப்பில் முன்பே பார்த்திருக்க வேண்டும்; தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "ராஜமணி. நேசையனின் மருமகன். இவன் ஸ்டேஷனுக்கு வரட்டும்."

டீச்சர் விசாரணை முடிந்து பாஸ்போர்ட் வந்துவிட்டது என்றார். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட இன்ஸ்பெக்டர், ஆனால் தடையை மீறி இன்று ஒரு கூட்டம் கூடியிருக்கிறது, வாரண்டு உள்ளவனின் வீட்டுப் பையன் அதன் முன்னால் மாலையோடு நடந்து வந்திருக்கிறான், மாமன் எங்கே என்று தெரியும்வரை அவனை நாட்டுக்கு வெளியே அனுப்பித் தாம் பதில் சொல்ல முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் நிலையில் இருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேனோ என்னவோ.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மாமன் எப்போது கிடைக்கிறானோ அதுவரைக்கும்."

மாதக்கணக்கில் கிடைக்காதவர். கண்டக்டர் கையால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். ராஜமணி கழுத்து மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். தன் டிரங்குப் பெட்டியை எடுக்கக் குனிந்தான்.

அப்போது தமிழ் பேனரின் ஒரு கம்பைப் பிடித்திருந்த ஆள், கம்பைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றியிருந்தார். வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன். துண்டை அவிழ்த்தார்.

"சாறு எங்கெல்லாம் தேடுதியரு? நான் இஞ்ச நிக்கியேன்."

நேசையன். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மேடையில். அப்போது கொழுத்திருந்தார், இப்போது கன்னம் ஒட்டியிருந்தது. தமிழ்ச் சபையில் பாதிப் பேருக்கு அவர் வந்திருப்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த முகங்களில் ஆச்சரியம் இல்லை.

ராஜமணி பெட்டியைக் கீழே வைத்தான். "மாமா, நான் போகல்ல."

"எலே, ஏறு பஸ்ஸில."

"உங்கள ஜெயில்ல விட்டுட்டு நான் போகல்ல."

"எனக்கு ஜெயிலுல சோறு உண்டு. ஒளிஞ்சு கெடந்தப்ப அது இல்ல." நேசையன் அவன் தோளைப் பிடித்தார். "மக்கா, ஒனக்க அம்மை இத்தன வருஷமா எனக்க வீட்டு வாசலப் பாத்து இருக்கா. அவருக்கு இப்ப மீசை உண்டா, முடி நரைச்சுதா, ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. ஒரு ஆளு போய்க் கண்டுட்டு வந்து அவகிட்ட சொல்லணும். நான் போக முடியாது. நீ போ."

பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "ஆளு கெடச்சாச்சு. இனி இவனுக்கு ஸ்டேஷனில என்ன சோலி?"

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தார்.

டீச்சர் ராஜமணியின் பெட்டியைத் தாமே தூக்கிப் படியில் வைத்தார். அவன் ஏறினான். நேசையன் வேனில் ஏறும்போது கைவிலங்கு போடவில்லை. கொட்டுக்காரர் டீச்சரிடம் வந்து மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "டீச்சறே, இனி நாங்க யாருக்குக் கொட்டணும்? வேனுக்கா, பஸ்ஸுக்கா?"

"ரெண்டும் ஒரே பக்கமா போவுது? சும்மா ரோட்டப் பாத்துக் கொட்டு," என்றார் டீச்சர்.

தம்பி ஓடி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார். கீர்த்தனையும் தாளமும் ஒன்று சேர்ந்து கேட்டது அன்று அப்போதுதான். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. வேன் வடக்கே போனது, பஸ் தெற்கே போனது. நேசையனின் வழக்கு மற்றவர்கள் வழக்கோடு சேர்ந்து பிற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் அன்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தெரியாது.

தலைமன்னாரில் குறித்த நாளில் இறங்கினோம். வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவர் எழும்பியது. ஒரு மூலை சற்றுச் சாய்ந்திருந்ததாக இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். மரச்சீனியைத் தோட்டத்துப் பிள்ளைகள் எங்களைவிட விரும்பிச் சாப்பிட்டார்கள். ராஜமணி மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போதும் கல் சுமந்தான். நான் தடுத்தபோது, ஒரு நாள் லீவுக்கு முன்கூட்டியே வேலை செய்துவைப்பதாகச் சொன்னான்.

அந்த ஒரு நாள் வந்தது. அப்பாவுக்கு முன்பே எழுதியிருந்தான், ஆனால் எந்த நாள் வருவோம் என்று எழுத முடியவில்லை. நானும் அவனும் பஸ்ஸில் பாதியும் நடையில் பாதியுமாகப் போனோம். மூடுபனி. தேயிலைச் சரிவின் அடியில் தகரக்கூரை போட்ட கடை. வெளியே பெஞ்சில் மூன்று நான்கு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர். கண்ணாடி. முன்தலையில் முடி இல்லை. மீசை இல்லை.

ராஜமணி வாசலிலேயே நின்றுவிட்டான். நான் பின்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும், தம்பி?" என்றார்.

"ஒரு தீப்பெட்டி," என்றான் ராஜமணி.

அவர் எழுந்து அலமாரியில் தேடினார். தேடிக்கொண்டே, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். "தொடங்கிட்டார். ஒரு மாசமா கடைக்கு வர்ற வாலிபப் பிள்ளைக எல்லார்கிட்டயும் இதே கேள்விதான். நேத்து எங்க லாரி டிரைவர்கிட்ட கேட்டார். அவன் சிங்களவன்."

கணக்கர் அதைப் பொருட்படுத்தவில்லை. தீப்பெட்டியை எடுத்துத் தூசியை ஊதினார்.

"அமரவிளை," என்றான் ராஜமணி.

தீப்பெட்டியை நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அமரவிளையில," என்று தொடங்கி, தீப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார், "அமரவிளையில யாருக்க வீடு?"

"உங்க வீடாக்கும்," என்றான் ராஜமணி.